திரும்ப வாங்கிக்கொண்ட வேண்டுதல்

என் மாமனார் செத்துப்போகட்டும் என்று நான் மாரியம்மன் முன்னால் நின்று கேட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் சொல்லாமலே விட்டுவிடுவேன் என்று பயம்.

வெள்ளிக்கிழமை வழிபாட்டுக்கு வருகிற அக்காமாரே, தங்கைமாரே, மூன்று வருடமாக உங்களோடு உட்கார்ந்து விளக்கேற்றுகிறேன். அம்மன் உங்களுக்குச் செய்ததை ஒவ்வொருவரும் எழுந்து நின்று சொல்லியிருக்கிறீர்கள். என்னைப் பார்த்து, "நீயும் ஏதாவது சொல்லு பிரேமா" என்று கேட்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டேன். சொன்னால் என் பக்கத்தில் உட்காருவீர்களா என்று சந்தேகம். இன்றைக்கு அம்மனை நினைத்துக்கொண்டு எழுதிவிடுகிறேன்.

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எங்கள் வீடு. சுற்றிலும் தென்னந்தோப்பு. வீட்டில் நான், என் கணவர் நடராஜ், மகள் யாழினி, மாமனார் மயில்சாமி. எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே மாமியார் போய்விட்டார். யாழினி இரண்டாம் வகுப்பு படிக்கும்போது மாமாவுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை என்று சொல்லிவிட்டார்கள். திங்கள், புதன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். பாலக்காட்டு மருத்துவமனையில் நான்கு மணி நேரம் மிஷினோடு படுத்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் என் கணவர்தான் பார்த்தார். காலையில் தோப்புக்குத் தண்ணீர் கட்டிவிட்டு அப்பாவைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போவார். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். அதில் முதல் வரி இளநீர் கூடாது என்பது. மாமாவுக்கு அது பெரிய அவமானம். தன் தோப்பில் காய்ப்பது தனக்கே ஆகாதா என்று நாலு நாள் யாரிடமும் பேசவில்லை.

இன்னொரு பழக்கம் அவருக்கு. முழு நான்கு மணி நேரம் படுத்திருக்க மாட்டார். மூன்று மணி நேரம் தாண்டினால் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். கழற்றிவிடச் சொல்லி நர்ஸ்களிடம் சண்டை போடுவார். நானாகத்தான் இறங்குகிறேன் என்று கையெழுத்துப் போட்டுக்கொடுத்துவிட்டு மகனுக்குப் போன் செய்வார். என் கணவர் எங்கிருந்தாலும் விட்டுவிட்டு ஓடுவார்.

அது போன வருடத்துக்கு முந்தைய வருடம், ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை. அப்பாவைப் படுக்க வைத்துவிட்டு, பழுதுபார்க்கக் கொடுத்திருந்த தோப்பு மோட்டாரைப் பார்க்க என் கணவர் வாளையாருக்குப் போயிருந்தார். மாமா வழக்கம்போலச் சீக்கிரம் இறங்கிவிட்டார். போன் செய்து, "சீக்கிரம் வாடா, உக்கார முடியல" என்றிருக்கிறார். என் கணவர் மோட்டாரைக்கூட வாங்காமல் பைக்கை எடுத்திருக்கிறார். நெடுஞ்சாலையில் ஏறியதும் லாரி அடித்துவிட்டது. அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது.

எனக்கு மத்தியானமே சொல்லிவிட்டார்கள். மாமாவுக்கு யாரும் சொல்லவில்லை. கையில் ஊசி எடுத்த இடத்தில் கட்டோடு மருத்துவமனை வராந்தா நாற்காலியில் சாயங்காலம் வரை மகனுக்காகக் காத்திருந்தார். எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பழனிச்சாமி அண்ணன் போய்க் காரில் கூட்டிவந்தார். வழியெல்லாம் அவராலும் சொல்ல முடியவில்லை. வீட்டு வாசலில் இறங்கியதும் மாமா கீழே பார்த்தார். பிறகு பழனிச்சாமி அண்ணனிடம் திரும்பி, "என்ன பழனி, இத்தனை செருப்புக் கெடக்குது?" என்று கேட்டார்.

அந்தக் குரலை நான் உள்ளேயிருந்து கேட்டேன். எனக்கு இரக்கம் வரவில்லை. இவர் போன் செய்யாமல் இருந்திருந்தால் என்றுதான் தோன்றியது. இன்னும் முக்கால் மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தால் என் கணவர் உயிரோடு இருந்திருப்பார். அந்த எண்ணம் அன்று உள்ளே வந்து உட்கார்ந்ததுதான். அதற்குப் பிறகு எழுந்து போகவே இல்லை.

காரியமெல்லாம் முடிந்தது. சொந்தக்காரர்கள் விதி என்றார்கள், ஆயுசு அவ்வளவுதான் என்றார்கள். ஒருவர்கூட அந்தப் போனைப் பற்றிப் பேசவில்லை. மாமாவும் பேசவில்லை. நானும் பேசவில்லை. மகன் பெயரையே அவர் வாயால் சொல்வதை விட்டுவிட்டார். ஒரு ஆட்டோ பேசிவிட்டோம். அதில் தனியாகப் போவார், தனியாக வருவார். நான் சோறு போடுவேன், மாத்திரை எடுத்து வைப்பேன். முகத்தைப் பார்க்க மாட்டேன்.

ஐப்பசியில் ஒரு புதன்கிழமை ஆட்டோ வந்து நின்றது. மாமா வெளியே வந்து, உடம்புக்குச் சௌகரியமில்லை, இன்றைக்கு வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார். சனிக்கிழமையும் அனுப்பினார். அப்புறம் ஆட்டோவை வரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எல்லாவற்றையும் நான் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

டயாலிசிஸ் பிரிவில் ஷைனி சிஸ்டர் என்று ஒரு நர்ஸ். மலையாளம் கலந்த தமிழில் எல்லோரையும் உரிமையாக அதட்டுவார். அச்சன், அதாவது மாமா, ஏன் வரவில்லை என்று திங்கட்கிழமை எனக்குப் போன் செய்தார். பொள்ளாச்சியில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறார், அங்கேயே டயாலிசிஸ் செய்துகொள்கிறார் என்று சொன்னேன். பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. போனை வைத்துவிட்டுக் குழம்புக்குப் புளி கரைத்தேன்.

டயாலிசிஸை விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. என் கணவர் நூறு முறை சொல்லியிருக்கிறார். ரத்தத்தில் பொட்டாசியம் என்கிற உப்பு ஏறும், இளநீர் குடித்தால் இன்னும் ஏறும், நெஞ்சில் நீர் கோக்கும், இதயம் நின்றுவிடும். மாமாவின் கால் இரண்டும் வீங்கிப் பளபளவென்று ஆகிவிட்டது. பார்த்தேன். பேசாமல் இருந்தேன்.

வியாழக்கிழமை அவர் என்னைக் கூப்பிட்டு, "அம்மிணி, ஒரு எளநி வெட்டிக் குடு" என்றார்.

ஃபிரிட்ஜ் கதவில் என் கணவரின் கையெழுத்து அப்படியே இருந்தது. அதைத் தாண்டித்தான் அரிவாளை எடுத்தேன். வெட்டி, டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு முழுவதும் குடித்தார். நானும் நின்று பார்த்தேன். அக்கா தங்கைகளே, காலி டம்ளரை வாங்கிக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. உங்களோடுதான் மத்தியான பூஜைக்கு வந்திருந்தேன். மூன்று மாதமாக அம்மன் முன்னால் வாயைத் திறக்காமல் நின்றவள் நான். என் புருஷனைக் காப்பாற்றாதவளிடம் கேட்க என்ன இருக்கிறது என்ற கோபம். அன்று கற்பூரம் காட்டினார்கள். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டீர்கள். எனக்கு உள்ளேயிருந்து ஒரு சொல் வந்தது. நான் யோசித்துச் சொன்னதில்லை. "அவரை எடுத்துக்கோ தாயே." உதடு அசைந்தது. எனக்கே கேட்டது.

திருநீறு வாங்கவில்லை. கூட்டத்தை விட்டு வேகமாக வெளியே வந்துவிட்டேன். வீடு வரைக்கும் யாரோ பின்னால் வருவது போலவே இருந்தது.

கதவைத் திறந்தால் மாமா கட்டிலில் உட்கார்ந்து ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறார். படுக்க முடியவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் மேலே ஏறி இறங்குகிறது. வாயோரம் நுரை. துவைத்த வேட்டி கட்டியிருந்தார், தலையைப் படிய வாரியிருந்தார். புறப்படத் தயாராகிவிட்டார் என்று அதைப் பார்த்ததும் புரிந்தது. என் காலடிச் சத்தம் கேட்டு, மூச்சுக்கு மூச்சு நிறுத்திச் சொன்னார்.

"உட்ரு அம்மிணி. நடராசுகிட்டப் போறேன்."

மூன்று மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் அந்தப் பெயரைக் கேட்டேன். சின்னப் பையனைக் கூப்பிடுவது போலவே கூப்பிட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, இவருக்கும் ஒரு மகன் செத்துப்போயிருக்கிறான் என்று. என் கணவர் செத்தார் என்பது மட்டுந்தான் அதுவரை எனக்குத் தெரிந்திருந்தது.

கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் விழுந்தேன். அம்மன் படம் எங்கே இருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை. "அம்மா, நான் கேட்டதைக் குடுத்துடாதே. எனக்கு வேண்டாம். அந்தச் சொல்லை நான் திரும்ப வாங்கிக்கறேன். என் சொல்லால இவர் போகக் கூடாது." இதைத்தான் சொன்னேன். வேறு எதுவும் தெரியவில்லை.

எழுந்து ஷைனி சிஸ்டருக்குப் போன் செய்தேன். பொள்ளாச்சி என்று சொன்னது பொய், நான்கு முறை போகவில்லை, இப்போது மூச்சு விட முடியவில்லை என்று அழுதுகொண்டே சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "சரி சேச்சி. படுக்க வைக்கண்டா, உக்கார வச்சே கொண்டு வாங்கோ. நான் மிஷின் ஒழிச்சு வைக்கறேன்" என்றார்.

பழனிச்சாமி அண்ணன் அன்று கோயம்புத்தூர் சந்தைக்குப் போக வேண்டியவர். காரின் டயர் பஞ்சரானதால் போகாமல் வீட்டில் இருந்தார். நான் ஓடிப்போனபோது டயரை மாட்டி முடித்து ஜாக்கியை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டிருந்தார். நீங்கள் தற்செயல் என்று சொல்லலாம். நான் சொல்ல மாட்டேன்.

காரின் பின்சீட்டில் மாமாவை என் மேல் சாய்த்துக்கொண்டேன். அவருடைய இடது கை என் மடியில் கிடந்தது. டயாலிசிஸுக்காக ரத்தக்குழாயைச் சேர்த்துத் தைத்த கை அது. தோலுக்கு அடியில் ரத்தம் ஓடுவது விரலுக்குத் தெரியும். குறுகுறுவென்று, உள்ளே ஏதோ சின்னப் பிராணி உயிரோடு இருப்பது போல. என் கணவர் தினமும் அதைத் தொட்டுப் பார்ப்பார். நான் தொட்டதே இல்லை. அன்று சித்தூர் தாண்டிப் பாலக்காடு வரை அந்த இடத்திலிருந்து விரலை எடுக்கவில்லை. இது நிற்கக்கூடாது, இது நிற்கக்கூடாது என்பதே அம்மனுக்கு நான் சொன்ன மந்திரம்.

வாசலிலேயே ஸ்ட்ரெச்சரோடு ஷைனி சிஸ்டர் நின்றிருந்தார். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நுரையீரல் முழுக்க நீர், இதயம் எந்த நிமிடமும் நிற்கலாம், உறுதி எதுவும் சொல்ல முடியாது என்றார். என் கணவர் போன அன்று மாமா மகனுக்காகக் காத்திருந்த அதே வராந்தா. அதே நாற்காலியாகவும் இருக்கலாம். அதில் உட்கார்ந்தேன். அன்று அவர் இங்கே எத்தனை முறை வாசலைப் பார்த்திருப்பார், எத்தனை முறை மகனுக்குப் போன் போட்டிருப்பார், மணி அடித்து அடித்து நின்றிருக்குமே என்று நினைத்தேன். அப்போது வந்த அழுகையை நான் என் கணவருக்குக்கூட அழவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் ஷைனி சிஸ்டர் வெளியே வந்தார். "நீரு நல்லா எறங்கி சேச்சி. அச்சன் இப்போ மலந்து படுத்து உறங்கறார்" என்றார்.

உட்கார்ந்தே மூச்சு வாங்கிய மனிதர் மல்லாந்து படுத்துத் தூங்குகிறார். அதைக் கேட்டதும் சுவரில் சாய்ந்து கைகூப்பினேன். நான் கொடுத்த சொல்லை அவள் எனக்கே திருப்பிக் கொடுத்துவிட்டாள். என் கெட்ட சொல்லைக் கேட்டும் கேளாதவள் போல இருந்துவிட்டாள்.

மூன்றாம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். ஸ்பூனைத் தள்ளிவிட்டு மாமா பேசினார்.

"எளநி ஆவாதுன்னு உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும் அம்மிணி. நாந்தான் கேட்டேன். உம்மேல தப்பில்ல."

நான் ஸ்பூனைக் கிண்ணத்தில் போட்டேன். அவரே தொடர்ந்தார்.

"போனு பண்ணி வரச் சொன்னது நாந்தான். ஒருத்தரும் எங்கிட்டக் கேக்கல. கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்."

இல்லைங்க மாமா, அது விதி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஊரே அதைச் சொல்லித்தான் அவரைக் கொன்றுகொண்டிருந்தது என்று அந்த நொடியில் தெரிந்தது. அம்மன்தான் என் நாக்கில் நின்றாள் என்று நம்புகிறேன். உண்மையைச் சொன்னேன்.

"ஆமாங்க மாமா. நீங்கதான் கூப்புட்டீங்க. எனக்கு உங்க மேல கோவமுங்க. இன்னும் இருக்குதுங்க. ஆனா வீட்டுக்குப் போனதுக்கப்பறமும் நீங்க டயாலிசிஸுக்கு வரோணும். நானே கூட்டிட்டு வர்றனுங்க."

அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மகனுக்குக் கொள்ளி வைத்த அன்று அழாதவர். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். இருவரும் வெகுநேரம் அழுதோம்.

அதற்குப் பிறகு வாரம் மூன்று நாளும் நானே அவரோடு போனேன். பஸ்ஸில் போனோம், ஆட்டோவில் போனோம். நான்கு மணி நேரமும் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருவேன். மூன்று மணி நேரம் தாண்டி கெண்டைக்கால் இழுக்கும்போது, ஷைனி சிஸ்டர் சொல்லிக்கொடுத்தபடி அவர் பாதத்தை என் உள்ளங்கையால் மேல்நோக்கி அழுத்திப் பிடிப்பேன். வலி போகும்வரை விட மாட்டேன். மருமகள் காலைத் தொடுகிறாளே என்று முதலில் கூச்சப்பட்டார். பிறகு பழகிவிட்டது.

அந்த நான்கு மணி நேரத்தில் நாங்கள் என் கணவரைப் பற்றிப் பேசினோம். வீட்டில் பேச முடியவில்லை. அங்கே முடிந்தது. ஏழு வயதில் குதித்துவிடுவேன் என்று கிணற்று மேட்டில் ஏறி நின்று மகன் தன்னை மிரட்டியதை மாமா சொல்வார். யாழினி பிறந்த அன்று என் கணவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுததை நான் சொல்வேன். அவர் எனக்குத் தெரியாத நடராஜைக் கொடுத்தார். நான் அவருக்குத் தெரியாத நடராஜைக் கொடுத்தேன். மிஷின் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும்.

கோபம் போய்விட்டதா என்று கேட்பீர்கள். ஒரே நாளில் போகவில்லை. சில புதன்கிழமைகளில் வாளையார் போர்டு போட்ட பஸ்ஸைப் பார்த்தால் திரும்ப வரும். அப்போது அவரிடமே சொல்லிவிடுவேன், இன்றைக்கு என்னால் பேச முடியாது என்று. அவர் தலையசைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். ஆனால் ஸ்டூலை விட்டு நான் எழுந்து போனதில்லை. நேரத்துக்கு முன்னால் கழற்றச் சொல்லி அவரும் ஒரு நாள்கூடக் கேட்கவில்லை.

ஒரு வருடத்துக்கு மேல் இப்படிப் போனது. இந்தத் தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை. யாழினிக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தேன். மாமா இட்லி சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்து அவளிடம் வாய்ப்பாடு கேட்டுக்கொண்டிருந்தார். எட்டாம் வாய்ப்பாட்டில் நிறுத்திவிட்டார். தாத்தாவை அவள் அப்பாரு என்றுதான் கூப்பிடுவாள். அவள்தான் முதலில், "அம்மா, அப்பாரு பேச மாட்டீங்கறாரு" என்றாள். இதயம் நின்றுவிட்டது. முந்தின புதன்கிழமைகூட முழு நேரம் படுத்திருந்தார். ஒன்றும் குறையில்லை. இந்த நோயில் இப்படியும் நடக்கும் என்று டாக்டர் சொன்னார்.

என் வீட்டில் இப்போது நானும் மகளும்தான். அந்த வெறுமையை உங்களுக்கு அழகாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. சனிக்கிழமை காலையில் கை தானாகப் பையை எடுக்கிறது. மருத்துவமனைக்கு எடுத்துப்போகிற போர்வை அதில் இன்னும் இருக்கிறது.

ஆனால் அவர் என் சொல்லால் போகவில்லை. இது ஒன்றுக்காக நான் சாகும்வரை அம்மனுக்குக் கடன்பட்டவள். அன்று தரையில் விழுந்து நான் கேட்டது அவருடைய உயிரை என்றைக்கும் பிடித்து வைக்கச் சொல்லி அல்ல. என் பாவத்தை என் கையில் கொடுத்துவிடாதே என்றுதான். அதைக் கேட்டாள். கூடவே ஒரு வருடத்தையும் கொடுத்தாள். அதில் ஒரு தகப்பனும் ஒரு பெண்டாட்டியும் சேர்ந்து உட்கார்ந்து அழ முடிந்தது.

அக்காமாரே, தங்கைமாரே, உங்களில் யாருக்காவது வெளியே சொல்ல முடியாத ஒரு சொல் நெஞ்சில் இருந்தால், அதோடேயே அம்மன் முன்னால் வாருங்கள். நல்லவளாக ஆன பிறகு வரலாம் என்று காத்திருக்காதீர்கள். நான் அம்மன் முன்னால் வாய் திறக்காமல் நின்ற மூன்று மாதத்தில் ஒரு உயிர் போகப் பார்த்தது. வேண்டிக்கொண்டால் மிஷின் வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு வந்த அருள் அந்த மிஷின் வழியாகவும் ஷைனி சிஸ்டர் கை வழியாகவுந்தான் வந்தது.

டயாலிசிஸுக்குப் போகிறவர் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்து, இன்றைக்கு வேண்டாம் என்று ஒரு நாள் சொன்னால், கிட்டப் போய் உட்காருங்கள். ஏன் என்று கேளுங்கள். அவர் சொல்வது உங்களுக்கு வலித்தாலும் எழுந்துவிடாதீர்கள். கூடப் போக ஆளில்லை என்றால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். திங்கள், புதன், சனி மூன்று நாளும் நான் வருகிறேன்.